மாமிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்

ஜனவரியில் தில்லி வெயில் பதினோரு மணிக்கு மேல்தான் பனிமூட்டத்தை விலக்கிக்கொண்டு வரும். வந்ததும் மயூர் விஹார் முதல் ஃபேஸில், ஹவுசிங் சொசைட்டிகளுக்கு நடுவே இருக்கும் அந்தப் பூங்காவின் பெஞ்சுகள் நிரம்பிவிடும். ஸ்வெட்டர் பின்னும் பஞ்சாபிப் பாட்டிகள் ஒரு பக்கம். வேர்க்கடலை உடைத்தபடி அரசியல் பேசும் ஓய்வுபெற்ற அதிகாரிகள் ஒரு பக்கம். தெற்கு மூலையில், மர நிழல் விழாத பெஞ்சில் தமிழ் கேட்கும். அதற்கு அடுத்த பெஞ்சு என்னுடையது. மடியில் புத்தகம் இருக்கும். காது அந்தப் பக்கம் இருக்கும்.

அந்தப் பெஞ்சில் உட்காரும் மாமிக்கு எழுபத்தெட்டு வயது. நூல் புடவைக்கு மேல் முழுக்கை ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு சால்வை, கட்டைவிரல் தனியாகப் பிரிந்த சாக்ஸ், ரப்பர் செருப்பு. மடியில் எவர்சில்வர் தட்டு. பக்கத்தில் துணிப்பை நிறையப் பச்சைப் பட்டாணி. காஜிபூர் மண்டியிலிருந்து தள்ளுவண்டிக்காரர் கொண்டு வந்ததை மாமியே பேரம் பேசி வாங்கியது. காயின் முனையைக் கிள்ளி, தையல் போலிருக்கும் ஓரத்தில் கட்டைவிரலை ஓட்டுவார். தோல் இரண்டாகப் பிளந்து ஏழெட்டு மணிகள் தட்டில் சிதறும். புழு விழுந்த காயைத் திறக்கும் முன்பே கண்டுபிடித்துத் தனியே போட்டுவிடுவார். தோலில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொட்டு இருந்தால் போதும். கண் பார்க்காவிட்டாலும் விரல் சொல்லிவிடும்.

"இந்த அஞ்சு கிலோ மட்டருக்கு ஆத்துல பெரிய ரகளை" என்றார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேறு வீட்டு மாமாவிடம். "உரிச்ச மட்டரே பாக்கெட்ல ஃப்ரீசர்ல இருக்கு, வேணும்னா ஆப்ல பத்து நிமிஷத்துல இன்னும் வரும், எதுக்கும்மா கஷ்டப்படறேள்ங்கறா மாட்டுப்பொண்ணு. சரி, பத்து நிமிஷத்துல மட்டர் வந்துடும். அப்புறம் ராத்திரி வரைக்கும் நான் என்ன பண்றது?"

மாமா குலுங்கிச் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. சொல்லிவிட்டு அடுத்த காயை எடுப்பதுதான் அவர் வழக்கம். சிரிப்பது கேட்பவர்கள் பாடு.

"டாக்டர் தினம் நடக்கச் சொல்லிட்டார். பையன் என் கையில ஒரு வாட்சைக் கட்டிவிட்டுட்டான். எத்தனை அடி நடந்தேன்னு அவனோட போன்ல தெரியுமாம். சரிடா, நான் மார்க்கெட்டுக்கு நடந்து போயிட்டு வரேன்னேன். வேண்டாம்மா, பார்க்கைச் சுத்தி நடங்கறான். போய்ச் சேர ஒரு எடம் வேண்டாமா? சும்மா சுத்திச் சுத்தி வரதுக்கு நான் என்ன செக்குமாடா? மார்க்கெட்டுக்கு நடந்தா அந்த வாட்ச் எண்ணாதாமா?"

இப்படிக் கேட்கும் மாமி 1969-இல் கல்யாணம் ஆன கையோடு, மதராஸில் ஜி.டி. எக்ஸ்பிரஸ் ஏறி இரண்டு ராத்திரி பயணம் செய்து தில்லிக்கு வந்தவர். சரோஜினி நகரில் இரண்டு அறை அரசுக் குவார்ட்டர்ஸ். அப்போது பால் என்றால் டி.எம்.எஸ். பால். 1959-இல் மத்திய அரசு தொடங்கிய தில்லிப் பால் திட்டம் அது. விடியும் முன்பே காலி கண்ணாடி பாட்டிலோடு பூத் முன்னால் நிற்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்குக் காத்திருப்பு, ரேஷன் சர்க்கரைக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. எந்த பூத்தில் கூட்டம் குறைவு, எந்தக் கடைக்காரன் எடையில் கை வைப்பான், எந்த பஸ் எத்தனை மணிக்கு ஆர்.கே.புரம் போகும் என்றெல்லாம் தெரிந்துவைத்திருப்பதே குடும்பம் நடத்துவது. பிறகு தேர்வு எழுதி மத்திய அரசில் குமாஸ்தாவானார். காலையில் பால் வரிசை, அடுப்பு, பஸ், ஆபீஸ் கோப்பு, சாயங்காலம் மறுபடி அடுப்பு. பையனை லக்ஷ்மிபாய் நகரில் இருக்கும் தமிழ்ப் பள்ளியில் படிக்க வைத்தார். 1923-இல் தொடங்கிய தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் பள்ளிகளில் அதுவும் ஒன்று. அந்தப் பையனுக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும். பேரனுக்குப் பேச மட்டும் வரும், அதுவும் பாட்டியிடம் பணம் கேட்கும்போது நன்றாகவே வரும் என்கிறார் மாமி.

அந்தத் தலைமுறையின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் தட்டுப்பாட்டில் பிறந்தது. இல்லாததைத் தேடிப் பிடிப்பது, இருப்பதை நீட்டித்து வைப்பது, நேரம் பார்த்து நிற்பது. தட்டுப்பாடு போன நாளில் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கும் வேலை போயிற்று. பூங்கா பெஞ்சில் கேட்கும் புலம்பலில் பாதி இந்த வேலை இழப்பைப் பற்றியதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. பேரன் தலைமுடியை வளர்ப்பதும், மருமகள் ஜீன்ஸ் போடுவதும் மாமிக்குப் பொருட்டே இல்லை. அவற்றையெல்லாம் அவர் எப்போதோ கடந்துவிட்டார்.

"1998-ல ரிடயர்மென்ட் வயசை ஐம்பத்தெட்டுலேர்ந்து அறுபதா ஏத்தினா. அதனால எனக்கு ஆபீஸ்ல ரெண்டு வருஷம் கூடக் கிடைச்சுது" என்றார் மாமி. "ஆத்துல அப்படி எக்ஸ்டென்ஷன் குடுக்க யாரும் இல்லை. ஒரு நாள் திடீர்னு, நீங்க இனிமே அடுக்களைப் பக்கமே வர வேண்டாம், ரெஸ்ட் எடுங்கோன்னுட்டா. ஆபீஸ்லயாவது மாலை போட்டு, சமோசா குடுத்து அனுப்பினா."

அடுக்களையை விட்டாலும் சில எல்லைகளை மாமி விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்று, இட்லி மாவு. தில்லியில் குடித்தனம் நடத்திய தமிழர்களுக்கு ஜனவரி மாத மாவின் கதை தெரியும். ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் கரைத்தபடியே இருக்கும். சமையலறையே குளிர்பதனப் பெட்டியாக இருக்கும்போது மாவு எப்படிப் பொங்கும்? பகலில் வெயில் படும் பால்கனிக்குப் பாத்திரத்தை மாற்றி, இரவில் பழைய ஸ்வெட்டரைச் சுற்றி, அதற்கும் மேல் கனமான ரஜாய்ப் போர்வைக்குள் வைப்பார் மாமி. போன வாரம் பேரன் நள்ளிரவு தாண்டி வந்து இருட்டில் படுக்கையில் சாய்ந்திருக்கிறான். காலில் ஏதோ இடித்திருக்கிறது. அலறியிருக்கிறான்.

"கூச்சல் போட்டு எல்லாரையும் எழுப்பிட்டான். ராத்திரி ஒண்ணரை மணிக்கு வரவன், அது வரைக்கும் அந்த ரஜாய் காலியாத்தானே இருக்கு? நான் உபயோகப்படுத்திண்டா என்ன? காலம்பற அந்த மாவுல வார்த்த தோசையில எட்டு சாப்பிட்டான். அப்போ ஒண்ணும் சொல்லலை."

இன்னொன்று மின்சார மீட்டர். 2019 ஆகஸ்டிலிருந்து தில்லியில் மாதம் 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீட்டுக்குக் கட்டணமே வராதபடி மானியம் கொடுத்தார்கள். வெயில் காலத்தில் ஏசி ஓடும் வீட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. குளிர்காலம் வந்தால் மட்டும் மாமிக்கு நம்பிக்கை பிறக்கும். தினமும் சாயங்காலம் கீழே இறங்கி மீட்டரைப் பார்த்து, ராசிபலன் போட்ட தினசரிக் காலண்டரின் தாளில் எண்ணைக் குறித்து வைக்கிறார். எதிரி, குளியலறையில் இருக்கும் கீசர்.

"ஒரு மணி நேரம் எரிஞ்சா ரெண்டு யூனிட். பேரன் உள்ள போனா நாலு பாட்டு முடியறது, அஞ்சாவது பாட்டும் ஆரம்பிக்கறது, தண்ணி மட்டும் நிக்கலை. போன மாசம் 203 யூனிட். மூணு யூனிட்ல தோத்துட்டேன் மாமா! பையன்கிட்ட சொன்னா, விடும்மா, நான் கட்டிக்கறேன்ங்கறான். பணம் யாருக்கு வேணும்? ஜெயிக்கணுமா வேண்டாமா?"

மாமா தலையாட்டினார். அவருக்கும் ஒரு வழக்கு இருந்தது. மாதம் இரண்டு முறை வங்கிக்குப் போய் இயந்திரத்தில் பாஸ்புக்கைச் செருகி வரவு செலவைப் பதிந்துகொண்டு வருவார். மகன் எல்லாவற்றையும் போனில் போட்டுக் கொடுத்துவிட்டான். "போன்ல பார்த்தா பேலன்ஸ் தெரியறது, மனுஷா தெரியலையே" என்றார். அடுத்த வழக்கு, பரணில் கட்டிவைத்திருக்கும் பழைய 'கணையாழி' இதழ்கள். 1965-இல் தில்லியிலிருந்து தொடங்கிய பத்திரிகை அது. மாமா அதை வாங்கி வாங்கிச் சேர்த்தவர். மகன் ஸ்கேன் எடுத்துவிட்டுக் காகிதத்தைப் போட்டுவிடலாம் என்கிறான். "சரிடா, எடுன்னு சொல்லியாச்சு. ஸ்கேன் எடுக்க இன்னும் அவனுக்கு நேரம் கிடைக்கலை. அதனால பத்திரிகை பிழைச்சிருக்கு."

தில்லித் தமிழ்க் குடும்பத்துக்குள் அப்பாவும் பிள்ளைகளும் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளாமல் உரசுவதை ஆதவன் 'காகித மலர்கள்' நாவலில் எழுதினார். அந்தக் கதை எழுதப்பட்ட காலத்தில் வீட்டின் இளைய தலைமுறையாக இருந்து பெரியவர்களோடு வாதாடியவர்கள்தான் இன்று இந்தப் பெஞ்சில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மாமியும் ஒரு காலத்தில் மாமியாரின் அம்மிக்கு ஓய்வு கொடுத்து மிக்ஸி வாங்கிய மருமகள். அதை அவரே சொன்னார். "எங்க மாமியார் மிக்ஸியைப் பார்த்து, இது சத்தம் போடற அழகுக்கு நான் இன்னும் நாலு வருஷம் அரைப்பேன்னா. அப்போ எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போ அவா சொன்னது கோபத்துல இல்லைன்னு தெரியறது."

பிறகு நவம்பர் மாதத்துக் கதை வந்தது. பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் வங்கிக்கு நேரில் போவார்கள். 2014-இல் 'ஜீவன் பிரமாண்' என்ற டிஜிட்டல் சான்று வந்தது. 2021-இல் முகத்தைப் போனில் காட்டினாலே போதும் என்றாயிற்று. நடக்க முடியாதவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் அது பெரிய வரம். மாமியும் அதை ஒப்புக்கொள்கிறார். ஆனால் அவரால் நடக்க முடியும்.

"அந்த ஒரு நாள் எனக்குத் திருவிழா. நல்ல புடவையா கட்டிண்டு இலவச பிங்க் டிக்கெட்ல பஸ் ஏறிப் போவேன். கூட வேலை பார்த்தவாளைப் பார்ப்பேன். யார் இருக்கா, யார் போயிட்டான்னு அன்னிக்குத்தான் தெரியும். இப்போ என்னடான்னா பேரன் சோபாவில படுத்துண்டே போனை நீட்டறான். பாட்டி, கண்ணைச் சிமிட்டுங்கறான். சிமிட்டினேன். சரியில்லையாம். இன்னொரு தடவைங்கறான். எழுபத்தெட்டு வயசுல அவனைப் பார்த்துக் கண் சிமிட்டிண்டு உக்காந்திருக்கேன்! மூணாவது தடவைதான் சர்க்கார் ஒத்துண்டுது, நான் இருக்கேன்னு."

"இன்னும் ரெண்டு வருஷம் போனா எண்பது. அடிப்படைப் பென்ஷன்ல இருபது சதவீதம் கூடக் கிடைக்கும் மாமி" என்றார் மாமா.

"பென்ஷன் ஏறும். ஆத்துல என் பேச்சுக்கு எத்தனை சதவீதம் ஏறும்னு பே கமிஷன்ல ஒண்ணும் எழுதலையே."

வாசல் கதவுக்குப் புதிதாக எண் பூட்டு போட்டதைப் பற்றி அவர் சொன்னது எனக்கு மறக்காது. "சாவி தொலைஞ்சா சாவி தொலைஞ்சுதும்பா. நம்பர் மறந்துபோனா பாட்டிக்கு வயசாயிடுத்தும்பா. பழி போடறதுக்கு ஒரு சாவிகூட மிச்சம் வைக்கலை."

அந்த நேரத்தில் பூங்காக் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அம்மா வந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். படி ஏறி இறங்கித் தேய்ந்த முழங்காலோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார். பக்கத்துத் திரிலோக்புரியிலிருந்து வருகிறவர். நெருக்கடி நிலைக் காலத்தில் குடிசைவாசிகளைக் கொண்டுபோய்க் குடியேற்றிய பகுதி அது. விழுப்புரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து, கட்டட வேலையில் செங்கல் சுமந்து, பிறகு வீட்டு வேலைக்கு மாறி, இப்போது மூன்று வீடுகளில் சமைக்கிறார். அதில் மாமியின் வீடும் ஒன்று. மாமிக்கு ஓய்வு கொடுக்க மருமகள் ஏற்பாடு செய்த சமையல்காரம்மா இவர்தான்.

"உக்காரும்மா, மூச்சு வாங்கறது பார்" என்று மாமி துணிப்பையை நகர்த்தினார்.

அவர் உட்கார்ந்ததும் பையிலிருந்து ஒரு கை காயை எடுத்து மடியில் போட்டு உரிக்கத் தொடங்கிவிட்டார். பேரப் பிள்ளைகளைப் பற்றி மாமி விசாரித்தார். "அதுங்களுக்கு என்ன மாமி, இந்தியிலயே பேசுதுங்க, இந்தியிலயே சண்ட போடுதுங்க. ஊர்ல இருந்து எங்கண்ணன் போன் பண்ணா நான்தான் நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சொல்லணும். களி கிண்டுனா மூஞ்சத் திருப்பிக்குதுங்க, மோமோ வேணுமாம்." கொஞ்சம் பொறுத்து, மாமியின் வாட்ச் புலம்பலையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "உங்களுக்கு உக்காரச் சொல்ல ஆளிருக்கு, உங்களுக்குப் புடிக்கல. என்ன உக்காருன்னு சொல்ல வீட்டுல ஒருத்தர் இல்ல. சொன்னா நான் நல்லா கால நீட்டி உக்காந்துப்பேன் மாமி."

மாமியின் விரல்கள் அப்போதுதான் முதல்முறையாக நின்றன. ஒரே ஓய்வு, ஒருவருக்குத் தண்டனை, இன்னொருவருக்குக் கிடைக்காத சொத்து. வயதானவர்கள் எல்லாருக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென்று 2007-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் சொல்லும் பராமரிப்பில் உணவு உண்டு, உடை உண்டு, இருப்பிடமும் மருத்துவமும் உண்டு. கைவிடப்பட்டவர்களுக்கு அது பெரிய துணை. ஆனால் 'இதை நீங்கள் செய்தால்தான் சரியாக வரும்' என்று ஒரு மனிதரிடம் சொல்வதை எந்தச் சட்டமும் கட்டாயமாக்க முடியாது. வீட்டில் இருப்பவர்கள் சொன்னால்தான் உண்டு. அன்பினால்தான் பெரியவர்களின் கையிலிருந்து கரண்டியையும் பையையும் சாவியையும் ஒவ்வொன்றாக வாங்கி வைக்கிறோம். ஒன்றையாவது அவர்களிடமே விட்டுவைக்க வேண்டும் என்று நினைக்க மறந்துவிடுகிறோம். தளர்ந்த முழங்காலோடு மாடிப்படி ஏறுகிறவரை உட்காரச் சொல்லவும் மறந்துவிடுகிறோம்.

இதற்கு அந்த இரண்டு பெண்களும் தாங்களே ஒரு வழி கண்டிருந்தார்கள் என்பது சற்று நேரத்தில் தெரிந்தது.

"பையனும் மாட்டுப்பொண்ணும் ஆபீஸ் போனதும், நான் அடுப்புப் பக்கம் போயிடுவேன், இவ நாற்காலியில உக்காந்து காய் நறுக்குவா" என்று மாமாவிடம் குரலைத் தணித்தார் மாமி. "சாம்பார், ரசம், கூட்டு எல்லாம் என் கை. சப்பாத்தி மட்டும் இவ. ராத்திரி சாப்பிட உக்காந்தா மாட்டுப்பொண்ணு, சமையல்காரம்மா ரசம் பிரமாதம்ங்கறா. போன மாசம் இவளுக்கு ஐந்நூறு ரூபாய் கூட்டியும் குடுத்துட்டா!"

சமையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அந்தக் காச மாமிகிட்ட நீட்டுனேன். வாங்கல."

"எனக்குத்தான் பென்ஷன் வரதே" என்றார் மாமி.

அன்றைக்கு மருமகள் வீட்டிலிருந்தபடியே ஆபீஸ் வேலை பார்க்கும் நாள் போலும். காதிலிருந்த ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிவிட்டபடி, கையில் ஃபிளாஸ்க்கோடு பூங்காவுக்குள் வந்தார். மாமிக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தார். சமையல்காரம்மாவுக்கும் மாமாவுக்கும் ஊற்றினார். பெரியவர்கள் மூவரும் பட்டாணியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, சனிக்கிழமை என் ஆபீஸ்லேர்ந்து பத்து பேர் சாப்பிட வரா. வெளியில சொல்லிடலாம்னுதான் நினைச்சேன். அவாளோ அந்த மிளகு ரசம்தான் வேணும்ங்கறா. டப்பாவில கொண்டுபோனதுலேர்ந்து அதையே கேட்டுண்டிருக்கா." சமையல்காரம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாமியிடம் திரும்பினார். "பத்து பேருக்குன்னா சமையல்காரம்மாவால தனியா முடியாது. ரசத்தை யார் வைக்கறாளோ, அவாளே பொறுப்பா நின்னு பார்த்துண்டா எனக்குக் கவலை இல்லை."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. மாமியின் வழக்கத்தை அவரும் கற்றுக்கொண்டிருந்தார். அடுத்த அழைப்பு வந்துவிட்டது. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு வேகமாகத் திரும்பிப் போனார்.

பெஞ்சில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மாமி தட்டை மாமாவின் மடிக்கு மாற்றிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆர்.கே.புரம் வெஸ்ட் பிளாக் ஆபீஸில் கோப்புகளைப் பிரித்துக் கொடுத்த குமாஸ்தா திரும்பி வந்துவிட்டார்.

"பத்து பேர், ஆத்து மனுஷா நாலு பேர், நீ ஒருத்தி, மொத்தம் பதினஞ்சு. ஏம்மா, நீ சனிக்கிழமை நாற்காலியை விட்டு எழுந்திருக்கப்படாது, தேங்காய் துருவறது உன் வேலை. மிளகு இருக்கு, பெருங்காயம் தீர்ந்துபோச்சு. மாமா, நீங்க எப்படியும் பாஸ்புக் போடப் போவேளே, வரச்சே கட்டிப் பெருங்காயமா பார்த்து வாங்கிண்டு வந்துடுங்கோ. பொடி வேண்டாம். ஆப்ல சொல்லிடப் போறான் யாராவது, அதுக்குள்ள கிளம்புங்கோ!"

மாமா உடனே எழுந்துவிட்டார்.